அலுகோசு

அலுகோசு (பெயர்ச்சொல்): மரண தண்டனைக் கைதியைத் தூக்கிலிடும் சிறைச்சாலை ஊழியர். இலங்கைத் தமிழ் வழக்கு. தமிழ்நாட்டு வாசகருக்கு இது ஆளா, பொருளா என்பதே பிடிபடாது.

சிங்களத்தில் ‘அலுகோசுவா’. மூலம் போர்த்துக்கேயச் சொல்லான ‘அல்கோஸ்’. சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகியவற்றைத் தந்த மொழிதான் இதையும் தந்தது. ஆனால் போர்த்துக்கேயருக்கும் இது இரவல்தான். அரபியில் ‘அல்-குஸ்’ என்பது ஒகுஸ் துருக்கியரைக் குறித்த பெயர். தண்டனை நிறைவேற்ற அந்த இனத்தாரை அமர்த்தியதால் இனப்பெயரே வேலையின் பெயராகிவிட்டது என்பது அகராதிகள் தரும் விளக்கம்.

வேலை நின்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது, சொல் மட்டும் நிற்கவில்லை. 1958இல் பிரதமர் பண்டாரநாயக்கவின் அரசு மரண தண்டனையை இடைநிறுத்தியது. மறு ஆண்டே அவர் சுட்டுக் கொல்லப்பட, தண்டனை மீண்டும் சட்டமாயிற்று. அவரைச் சுட்ட பிக்கு சோமராம 1962இல் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். கடைசித் தூக்கு 1976 ஜூனில். அதன் பிறகும் நீதிமன்றங்கள் தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன, நிறைவேற்றம்தான் இல்லை. 2004இல் மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் கொல்லப்பட்டபோது ‘தூக்கு வேண்டும்’ என்ற குரல் மறுபடி எழுந்தது.

அந்தக் குரல் எழும்போதெல்லாம் அலுகோசும் செய்தியில் தலைகாட்டுவார். 2014இல் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பயிற்சி முடிந்து தூக்குமேடையை நேரில் பார்த்ததும் வேலையை விட்டார். 2019 பெப்ரவரியில் இரண்டு வெற்றிடங்களுக்கு விளம்பரம் வந்தது: ஆண், வயது 18 முதல் 45, நல்லொழுக்கம், மன உறுதி, மாதச் சம்பளம் 36,310 ரூபாய். நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். நல்லொழுக்கச் சான்றிதழை யார் எழுதிக் கொடுத்திருப்பார்களோ! அந்த ஜூனில் ஜனாதிபதி சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தூக்குக்குக் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் (தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம்) அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

இனி, அலுகோசுக்கு ஈடான தமிழ்ச் சொல். சிலப்பதிகாரத்தில் கோவலனை வெட்டியவன் ‘கல்லாக் களிமகன் ஒருவன்’. படிப்பில்லாத குடிகாரன், அவ்வளவுதான். பதவிப் பெயரே இல்லை. அரசன் ஏவியதும் ‘ஊர்காப்பாளரை’, அதாவது காவலர்களை. ‘கோறல்’ (கொல்லுதல்) என்று செயலுக்குப் பெயர் இருக்கிறது, அதைச் செய்பவனை மட்டும் இளங்கோ பெயரில்லாமல் விட்டிருக்கிறார்.

தூக்கிலிடுபவருக்குத் திருவிதாங்கூர்ப் பக்கத்தில் வழங்கும் ‘ஆராச்சார்’ நல்ல சொல்தான். ஆனால் இலங்கையில் ‘ஆராச்சி’ ஊர்த் தலைமைக்காரரின் பழைய பதவிப் பெயர், குழப்பம் வரும். ‘கொலையாளி’ குற்றவாளியைக் குறித்துவிடும். ‘மரண தண்டனை நிறைவேற்றுநர்’ படிவத்துக்குப் பொருந்தும், பேச்சுக்கு நீளம். இலங்கைச் சட்டம் சொல்லும் முறை தூக்கு மட்டுமே என்பதால் ‘தூக்கிலிடுபவர்’ என்று எழுதலாம். வாள், துப்பாக்கி, ஊசி என்று வேறு முறையுள்ள நாடுகளைப் பற்றி எழுதுகையில் அது பொருந்தாது. அங்கே நீளமான சொல்லையே எழுத வேண்டும்.