வடிந்துபோன சதுப்பு நிலத்தை மீட்க: 2017 விதிகள் தரும் வழி

வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்ட சதுப்பு, சில ஆண்டுகளிலேயே வெறும் தரிசுபோலத் தெரியத் தொடங்கிவிடும். குப்பையும் கட்டடமும் வருவது அப்போதுதான். அதனால் மண்வெட்டிக்கு முன்னால், அந்த இடம் பாதுகாக்கப்பட்ட ஈரநிலம் என்ற அரசு அறிவிக்கை வேண்டும். மத்திய அரசு 2017 செப்டம்பரில் கொண்டுவந்த ஈரநில (பாதுகாப்பு, மேலாண்மை) விதிகள் அதற்கு இடம் தருகின்றன.

முதலில் அந்த இடம் விதிக்குள் வருமா என்று பாருங்கள். ஆற்றுப்படுகை, நெல்வயல், உப்பளம், பாசனத்துக்கோ குடிநீருக்கோ வெட்டிய ஏரி குளம் ஆகியவை விதியின் ஈரநில வரையறைக்குள் வராது. காப்புக்காடு, சரணாலயம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதி இவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. நிலம் பதிவில் எப்படி இருக்கிறது என்பதைக் கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேடும் புல வரைபடமும் காட்டும்.

அறிவிக்கைக்கு மாநில ஈரநில ஆணையம் ஒரு சுருக்க ஆவணத்துடன் பரிந்துரைக்க வேண்டும். எல்லை, நீர்வரத்துப் பகுதி, உயிரினங்கள், எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏற்கெனவே உள்ள உரிமைகளும் அதில் பதிவாக வேண்டும். மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கோரை அறுப்பவர் இதைத் தவறவிடக் கூடாது. வரைவு வெளியானபின் ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள். பரிந்துரைத்த நாளிலிருந்து 240 நாளுக்குள் இறுதி அறிவிக்கை வர வேண்டும்.

அறிவித்தபின் ஆக்கிரமிப்பு, தொழிற்சாலை, குப்பை, சுத்திகரிக்காத கழிவுநீர், வேட்டை அனைத்துக்கும் தடை. சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது. விதி வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டு வெள்ளத்தை வைத்தே அந்த மட்டம் கணக்கிடப்படும். கோடையில் சுருங்கிய நீரின் ஓரத்திலிருந்து டேப் பிடித்தால் கோடு தப்பாகத்தான் விழும்.

பணத்துக்கு, தேசிய நீர்வாழ் சூழலமைப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய, மாநிலப் பங்கு 60:40. அதற்கு, அந்த ஈரநிலத்துக்கான ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் தயாராக இருக்க வேண்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் தூர்வாரும்போதுதான். பொக்லைனை இறக்கி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, கிண்ணம்போல ஒரே ஆழமாக்கினால் நீர் நிற்கும், பறவை நிற்காது. உள்ளான் இரை தேடுவது விரலளவு நீரும் சேறும் உள்ள சரிவான கரையில். தாழைக்கோழிக்குச் சம்பும் கோரையும் அடர்ந்த ஓரம் வேண்டும். அவற்றின் விதைகள் மேல்மண்ணில் உறங்குகின்றன. அதை அள்ளி லாரியில் அனுப்பினால் செடியும் போய்விடும். வடிகாலை அடைப்பதே முதல் வேலை. நீளம் முழுக்க ஒரே கரை போடாமல், சரிவுக்கேற்பப் பல இடங்களில் களிமண் அடைப்பு வையுங்கள். அடைப்பின் இரு முனையும் கரைக்குள் ஆழப் புதைய வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே நீர் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு ஓடிவிடும். கடைசி அடைப்பில் பலகை மாற்றும் மதகு இருக்கட்டும். கோடையில் பலகையை ஒவ்வொன்றாக எடுத்தால் நீர் மெல்ல இறங்கிச் சேற்று ஓரம் தெரியும். பக்கத்து வயலில் நீர் ஏறினாலும் அந்தப் பலகையைக் கொண்டே சரிசெய்யலாம்.