சோர்ஸ்: மூலமா, ஆதாரமா, சான்றா?

“இதற்கு சோர்ஸ் என்ன?” பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் மாணவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. நெறியாளர் கேட்பார், அவர் மறந்தாலும் வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் கேட்பார். தமிழில் எழுதும்போது இச்சொல்லுக்கு ஒருவர் மூலம் என்கிறார், இன்னொருவர் ஆதாரம் என்கிறார், மற்றொருவர் சான்று என்கிறார். மூன்றும் ஒன்றுதானே என்று கடந்துவிடுவது வழக்கம். ஒன்றல்ல. எந்தச் சொல்லைப் பிடிக்கிறோமோ அதற்கேற்பத்தான் தேடும் முறையும் அமைகிறது.

சோர்ஸ் என்பது ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நீர் மேலெழும்பி வரும் ஊற்றுக்கண் என்பது அதன் பொருள். அதற்கும் அடியில் இருப்பது ‘எழு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. ஆறு பிறக்கும் இடம் முதலில். செய்தி பிறக்கும் இடம் பிறகு. இந்த உருவகத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: தொடக்கத்தில் நீர் தெளிவாக இருக்கும், கீழே வரவரக் கலங்கும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி கொக்கிரகுளத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று தெரிந்த நமக்கு இதை ஏற்பதில் சிரமமே இல்லை. ஆனால் செய்தி நீரைப் போன்றதல்ல. பிறக்கும்போதே கலங்கலாகப் பிறப்பதும் உண்டு.

மூலம் என்பது வடசொல். வேர் என்று பொருள். தமிழில் அது மிகவும் உழைத்துத் தேய்ந்துவிட்டது. நட்சத்திரமும் மூலம், பஸ் நிலையச் சுவர் விளம்பரங்களில் பௌத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நோயும் மூலம். அதைவிடச் சிக்கல், ‘வழியாக’ என்ற பொருளில் அது உருபைப் போல ஒட்டிக்கொள்வது. “இணையத்தின் மூலம் அறிந்தேன்” என்று எழுதும் மாணவர் தம் மூலத்தைச் சொல்லிவிட்டதாகவே நினைக்கிறார். அவர் சொன்னது வழியை மட்டும்தான். கூகுள் எதையும் பார்த்ததில்லை, எதற்கும் பொறுப்பேற்பதில்லை. நீதிமன்ற வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலியின் வேலை அதற்கு. டவாலி கூப்பிட்டார் என்பதற்காக அவரையே கூண்டில் ஏற்றி வாக்குமூலம் வாங்க முடியுமா?

ஆதாரமும் வடசொல்தான்; தாங்கி நிற்பது என்று பொருள். நம் சட்டைப்பையில் இருக்கும் ஆதார் அட்டையின் பெயரும் இதுவே. நீர் பிறக்கும் இடத்துக்கான சொல்லை ஆங்கிலம் அறிவுக்குக் கொடுத்தது. நாமோ தாங்குவதற்கான சொல்லை நீருக்குக் கொடுத்து ‘நீராதாரம்’ என்கிறோம். ஆதாரம் நல்ல சொல், ஆனால் முடிவு தெரிந்த பிறகு வர வேண்டியது. முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு அதற்கு ஆதாரம் தேடுவது ஆராய்ச்சி ஆகாது.

மிஞ்சுவது சான்று. ‘சால்’ என்ற வினையடியிலிருந்து பிறந்தது. சாலுதல் என்றால் நிறைதல், போதுமானதாதல். சான்றோர், சான்றாண்மை எல்லாம் இந்தக் குடும்பம்தான். வடமொழிவழி வந்த சாட்சி, கண்ணை அடிப்படையாகக் கொண்ட சொல். கண்ணால் கண்டவர் சாட்சி. சான்று அதற்கு மேலும் ஒன்றைக் கேட்கிறது: கண்டது சரி, அது போதுமா? பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்றும் பெயர் உண்டு. “இந்திரனே சாலுங் கரி” என்று குறள் இரண்டையும் சேர்த்தே வைக்கிறது. சாட்சி இருந்தால் மட்டும் ஆகாது, சாலவும் வேண்டும்.

குறுந்தொகையில் கபிலர் காட்டும் ஒரு தலைவிக்கு இதுதான் கவலை. தலைவன் தன்னைச் சேர்ந்த நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு ஒரு குருகு மட்டும் நின்றது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடத்தில் இருந்தது என்பதாலேயே அந்தக் குருகு இதைக் கண்டதாகிவிடுமா? ஆய்வு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய பாட்டு.

நம் வட்டாரத்து வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதைப் பற்றி எழுத வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் போய் நிற்பார்கள். கால்டுவெல் பிறந்ததே 1814இல். இந்த நிகழ்ச்சிக்கு அவர் சாட்சி அல்லர். கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்தவற்றைப் படித்துத் தொகுத்தவர். அதே நூலில் கொற்கை, காயல் பற்றி அவர் சொல்வது வேறு வகை. அங்கே அவரே போய் மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். ஒரே அட்டைக்குள் நேர்சான்றும் வழிச்சான்றும் இருக்கின்றன. நூலின் பெயரை வைத்தல்ல, பக்கத்துக்குப் பக்கம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, கால்டுவெல்லைத் தாண்டி ஊற்றுக்கே போவோம் என்று மேஜர் பானர்மனின் கடிதங்களைப் பிடிக்கிறோம். அவர் நேரில் இருந்தவர்தான். ஆனால் தூக்கிலிட உத்தரவிட்டவரும் அவர்தான்! தான் செய்ததை மேலிடத்துக்கு நியாயப்படுத்தி எழுதுகிறவரின் கடிதம் அது. ஊற்று என்று நினைத்தால் அதை அப்படியே அள்ளிக் குடிப்போம். சான்று என்று நினைத்தால் குறுக்கு விசாரணை செய்வோம். எதிர்த்தரப்புச் சான்று உண்டா என்று தேடுவோம், நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் அப்போது கைக்கு வரும். பாட்டு என்பதால் அதில் மிகை இருக்கும், பின்னால் சேர்ந்ததும் இருக்கும். அதையும் கூண்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

முதன்மைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று என்ற பிரிவைச் சொன்னதும் தமிழாசிரியர்களுக்கு நன்னூல் நினைவுக்கு வரும்: முதல்நூல், வழிநூல், சார்புநூல். அழகான பெயர்கள், கடன் வாங்கவும் தோன்றும். ஆனால் முதல்நூல் என்பது பிழையற்ற அறிவுடையவன் தந்தது, கேள்விக்கு அப்பாற்பட்டது. ஆய்வில் அப்படி எதுவும் கிடையாது. பெயரைக் கடன் வாங்கினால் அந்தப் பணிவும் கூடவே வந்துவிடும் என்பதால் நான் அதை விட்டுவிடுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் அகழாய்வு நடந்த சிவகளையைப் பற்றிய செய்தியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். “நம்ம ஊரில் 5,300 ஆண்டுக்கு முந்தைய இரும்பு” என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்கு முன் அது நாளிதழ்ச் செய்தி. அதற்கும் முன் 2025 ஜனவரியில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை. அதற்கும் பின்னால் ஆய்வகங்கள் தந்த காலக்கணிப்பு முடிவுகள். அறிக்கையைத் திறந்து படிக்கிறவருக்கே ஒன்று பிடிபடும்: காலம் கணிக்கப்பட்டவை இரும்போடு சேர்ந்து மண்ணில் கிடந்த கரித்துண்டு, பானை ஓடு போன்றவை. அவற்றின் காலத்தைக் கொண்டுதான் இரும்பின் காலம் சொல்லப்படுகிறது. கரியே கரியாக வந்து நிற்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். 2021இல் அறிவிக்கப்பட்ட சிவகளை நெல்மணியின் காலம் கி.மு. 1155. இரண்டு எண்களும் வேறு வேறு பொருள்களுக்கானவை. வாட்ஸ்அப்பில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

சான்றுகள் எங்கே இருக்கின்றன என்றால், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் தொடங்கலாம். வீட்டுக்குத் தராத நூல்கள் உள்ள பகுதியில்தான் அகராதிகளும், கெசட்டியர் எனப்படும் மாவட்ட விவரச்சுவடிகளும் கிடைக்கும். கையெழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். பேட் தொகுத்த 1917ஆம் ஆண்டு திருநெல்வேலி விவரச்சுவடியை எடுத்தால் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அண்மை மறுபதிப்பு என்றால் மூலப் பதிப்பின் ஆண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நூறு ஆண்டுக்கு முந்தைய மக்கள்தொகை, நேற்று எடுத்த கணக்காக ஆய்வேட்டில் ஏறிவிடும்.

இணையத்தில் பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலக்கிய மூலபாடங்களுக்கு மதுரைத் திட்டம், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகாமலேயே அங்கே ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்காவில் தேடிப் படிக்கலாம். ஆனால் ஆய்வேட்டிலிருந்து கருத்தை எடுப்பதைவிட அதன் துணைநூற்பட்டியலை எடுப்பது மேல். அதில் உள்ள நூல்களை நீங்களே திறக்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூலுக்கும் பதிப்பாண்டும் பக்க எண்ணும் தந்துவிடுகின்றன. அட்டைப்படத்தையாவது கண்ணால் பார்க்காமல் எந்த நூலையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை முன்பே சரியாகப் பிடித்துவிட்டார்கள். சான்றில்லாத வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று குறித்துவிடுவார்கள். கட்டுரையின் அடியில் சில இடங்களில் ‘உசாத்துணை’ என்று இருக்கும். இலங்கைத் தமிழில் பெரிதும் புழங்கும் சொல். உசாவுதல் என்றால் கேட்டறிதல். கேட்டறியத் துணையாக இருந்தவை எல்லாம் உசாத்துணை. எதை நம்பி ஒரு வரியை எழுதினோமோ அது சான்று. அந்தச் சான்றின் சொற்களை அப்படியே எடுத்து வைத்தால் மேற்கோள்.

சான்று பொருந்தாத இடங்களும் உண்டு. மொழிபெயர்ப்பில் மூலமொழி என்பதே சரி, கணினியில் மூலநிரல் என்பதே சரி. அங்கே எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை; எதிலிருந்து எது பிறந்தது என்பதுதான் பேச்சு. நாளிதழ்காரர்கள் எழுதும் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ ஆங்கில சோர்ஸின் இன்னொரு பெயர்ப்பு. ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை.