அம்மோனியம் உப்பைக் கலந்தால் எப்போது வினை நடக்கும்?

அம்மோனியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால் அம்மோனியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் கிடைக்கும் என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் நிறைய. சமன்பாடு அழகாகச் சமனாகும். சோதனைக்குழாயில் ஒன்றும் நடந்திருக்காது. நான்கு அயனிகளும் (மின்சுமை கொண்ட துகள்கள்) முன்பிருந்தபடியே தண்ணீரில் தனித்தனியாகக் கிடக்கும். கரையாமல் பிரியும் திடப்பொருளாகவோ (வீழ்படிவு), வாயுவாகவோ, எளிதில் அயனியாகாத மூலக்கூறாகவோ ஏதாவது ஒன்று அங்கிருந்து விலகினால்தான் அது வினை.

அப்படி எதாவது விலகுமா என்று கணிக்க, முதலில் அம்மோனியத்தைப் பொட்டாசியம் என்றே வைத்துக்கொள்ளலாம். மின்சுமை ஒன்று, பருமனும் ஏறத்தாழ ஒன்று. இரண்டின் உப்புகளும் பெரும்பாலும் நன்றாகக் கரையும். ஆகவே வீழ்படிவு வருமா என்பதை மற்ற அயனிகள்தான் முடிவு செய்கின்றன. அம்மோனியம் குளோரைடில் சில்வர் நைட்ரேட்டை விட்டால் தயிர் போன்ற வெண்மையான சில்வர் குளோரைடு வீழ்படிவு. அம்மோனியம் சல்பேட்டில் பேரியம் குளோரைடை விட்டால் பேரியம் சல்பேட். இரண்டிலும் அம்மோனியம் வெறும் பார்வையாளர். சோடியம் கோபால்ட்டிநைட்ரைட்டை விட்டால் பொட்டாசியம் மஞ்சள் வீழ்படிவு தரும், அம்மோனியமும் தரும். அதனால் பொட்டாசியத்தைச் சோதிக்கும் முன் அம்மோனியத்தைச் சூடாக்கி விரட்டிவிட வேண்டும்.

'கரையும்' என்றால் எவ்வளவு கரையும் என்றும் கேட்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் சோடியம் குளோரைடு சுமார் 36 கிராம், அம்மோனியம் குளோரைடு 37, அம்மோனியம் பைகார்பனேட் 21 கிராம் அளவில் கரையும். சோடியம் பைகார்பனேட் 10 கிராம்கூடக் கரையாது. நீர்த்த கரைசலில் இந்த வேறுபாடு தெரியாது. நிறைவுற்ற உப்புக் கரைசலில் அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட்தான் முதலில் படியும். சால்வே முறை இதுவே. தூத்துக்குடியில் சோடா சாம்பலையும் (சோடியம் கார்பனேட்) அம்மோனியம் குளோரைடு உரத்தையும் சேர்த்தே தயாரிக்கும் ஆலையும் இந்த வினையை நம்பித்தான் ஓடுகிறது.

பொட்டாசியத்திடம் இல்லாத ஒன்று அம்மோனியத்திடம் உண்டு: கழற்றிக் கொடுக்க ஒரு புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி). கொடுத்துவிட்டால் மிஞ்சுவது அம்மோனியா. இதன் பிகேஏ (pKa) 9.25; இந்த எண் கூடக்கூட, புரோட்டானை விட்டுக்கொடுக்கும் மனம் குறைவு என்று பொருள். எதிரே வரும் காரம் புரோட்டானை ஏற்றபின் உருவாகும் அமிலத்தின் பிகேஏ இதைவிடக் கூடுதலா என்று பாருங்கள்; கூடுதல் என்றால் அம்மோனியா வெளிவரும். அசிடேட் என்றால் 4.76, அம்மோனியா வாசனை வராது. கார்பனேட் என்றால் பைகார்பனேட்டின் மதிப்பு 10.33, சலவை சோடாவை அம்மோனியம் சல்பேட்டுடன் ஈரமாகக் கலந்தால் சூடாக்காமலே மூக்கில் ஏறும். ஹைட்ராக்சைடு என்றால் சந்தேகமே வேண்டாம். 10.7 கிராம் அம்மோனியம் குளோரைடும் 7.4 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் முழுமையாக வினைபுரிந்தால் 3.4 கிராம் அம்மோனியா வரும்; அறை வெப்பநிலையில் அது கிட்டத்தட்ட 5 லிட்டர் வாயு. அம்மோனியம் சல்பேட் உரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து இடக் கூடாது என்பது இதனால்தான்: தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடும்.

ஆய்வகத்தில் அம்மோனியத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இதே வினைதான். உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மெல்லச் சூடாக்கி, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாய்க்கு மேல் பிடிக்க வேண்டும். தாள் நீலமாக வேண்டும். வேகமாகக் கொதிக்கவிட்டால் காரத் துளிகளே தெறித்துத் தாளை நீலமாக்கிவிடும். குழாயின் விளிம்பில் பட்டாலும் அதே கதை. உப்புப் பகுப்பாய்வில் இதை மூல உப்பில்தான் செய்ய வேண்டும். பின்னால் மூன்றாம் தொகுதியை (இரும்பு, அலுமினியம் போன்றவை) பிரிப்பதற்காக நாமே அம்மோனியம் குளோரைடு சேர்த்துவிடுவோம். அதன் பிறகு எந்த உப்பிலும் அம்மோனியம் 'இருக்கும்'!

தாமிர சல்பேட்டில் அம்மோனியம் குளோரைடைச் சேர்த்தால் கருநீலம் வரும் என்று எழுதுவதும் தவறு. தாமிரத்துடன் பிணைய நைட்ரஜனில் ஓர் தனித்த எலக்ட்ரான் இணை தேவை. அது அம்மோனியாவிடம் உண்டு. அம்மோனியத்தில் அந்த இணையைப் புரோட்டான் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரைந்து அம்மோனியம் குளோரைடில் கரையாததற்கும் இதுதான் காரணம்.

கரைதிறன் அட்டவணையும் பிகேஏயும் காட்டிக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. அம்மோனிய நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் −3. அதனால் எலக்ட்ரானைப் பறிக்கும் வலுவான ஆக்சிஜனேற்றி அதை விட்டுவைக்காது. அம்மோனியம் குளோரைடு, சோடியம் நைட்ரைட் இரண்டுமே கரைபவை. அட்டவணைப்படி வினை இல்லை. கரைசல்களைக் கலந்து இளஞ்சூடாக்கினால் நைட்ரஜன் குமிழியிட்டு வரும். வெப்பமும் சேர்ந்தே வெளிப்படும் என்பதால், தொடங்கியதும் சுடரை எடுத்துவிட வேண்டும். ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச்சுடன் சேர்ந்தால் நச்சான குளோரமின்கள் உருவாகும். குளோரேட்டுடன் சேர்ந்து அம்மோனியம் குளோரேட் உண்டானால், அது தீயோ அடியோ இல்லாமல் தானாகவே வெடிக்கக்கூடியது. பட்டாசுக் கலவைகளில் குளோரேட்டையும் அம்மோனியம் உப்பையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது.