மயில் முட்டைக்குள் 28 நாட்கள்

பெண்மயில் எல்லா முட்டையையும் ஒரே நாளில் இட்டுவிடுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள், பெரும்பாலும் சாயங்காலத்தில், ஒவ்வொன்றாக இடும். ஆறு முட்டை சேர 10, 12 நாட்கள் ஆகிவிடும். ஆனால் குஞ்சுகள் மட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. முதலில் இட்ட முட்டை எப்படிக் காத்திருந்தது?

தாய் அடையில் உட்காரும்வரை கரு வளராமல் உறங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். இன்குபேட்டர் (சூடு கொடுத்து முட்டை பொரிக்கவைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் முட்டைகளை 15 டிகிரி அளவில் குளிர்ச்சியாகச் சேர்த்து வைப்பதும் இதை நம்பித்தான். ஒரு வாரம் வைக்கலாம். அதற்குப் பிறகு நாளாக ஆகப் பொரிக்கும் வாய்ப்பு குறையும்.

உள்ளே சூடு 37.5 டிகிரிக்கு வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். மயிலுக்கு 28 நாட்கள், கோழிக்கு 21. அடைக்கோழியின் கீழே மயில் முட்டை வைப்பவர்கள், அது கூடுதலாக ஒரு வாரம் பொறுமையாக உட்காருகிற கோழிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் வாக்கில் இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக்கால் போலப் பரவும் சிவப்பு நரம்புகள். கொஞ்சம் பொறுத்தால் அந்தப் புள்ளி அசையும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கருக்கூடாத முட்டை. ஆண்மயிலுக்கு மூன்று வயது ஆகும்முன் ஜோடி சேர்த்தால் இப்படி நிறைய வரும்.

முட்டையைத் திருப்பச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. கரு மஞ்சள் கருவின் மேல்தான் மிதக்கிறது. திருப்பாமல் விட்டால் மேலேறி ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். தாய் அலகால் ஒரு நாளில் பலமுறை உருட்டிவிடுகிறது. கையால் செய்தால் ஒருபக்கம் பென்சிலால் குறியிட்டு, குறைந்தது மூன்று முறையாவது திருப்ப வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஈரப்பதத்தில். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் ஆவியாகி, அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிக்கொண்டே வரும். 100 கிராம் முட்டை பொரிக்கும் நேரத்தில் சுமார் 86 கிராம் ஆகியிருக்க வேண்டும். குறையாவிட்டால் உள்ளே ஈரம் மிகுதி, மிகவும் குறைந்தால் வறட்சி. சின்ன தராசு ஒன்று இருந்தால் போதும், ஈரப்பத மானியைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

அந்தக் காற்றறைதான் குஞ்சின் முதல் மூச்சு. கடைசி மூன்று நாட்களில் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தைக் கூட்டி, இன்குபேட்டர் மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். குஞ்சு அலகால் சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டும், நுரையீரல் வேலைசெய்யத் தொடங்கும். காது வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுக் குரலும் டொக் டொக் என்ற தட்டலும் கேட்கும். அப்புறம் ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். அதோடு எல்லாம் நின்றுபோன மாதிரி இருக்கும், சில சமயம் முழுநாள்கூட.

முதல் தடவை அந்த ஒரு நாளை என்னால் பொறுக்க முடியவில்லை. நகத்தளவு ஓட்டை உரித்தேன். சவ்வில் ரத்தம் கசிந்தது. மறுநாள் காலை குஞ்சு உயிரோடு இல்லை. குஞ்சு சும்மா இருப்பதாகத் தெரிந்த அந்த நேரத்தில்தான் சவ்வின் நரம்புகளில் உள்ள ரத்தத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது, மிச்ச மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது.

அந்த மஞ்சள் கருதான் முதல் ஓரிரு நாளுக்குச் சாப்பாடு. பிறகு தாய் அலகால் தீனியைக் காட்டிக் கொத்தக் கற்றுத்தரும். இன்குபேட்டர் குஞ்சுக்கு அது இல்லை. விரல் நுனியால் தீனியைத் தட்டித் தட்டிக் காட்டினால் பழகிக்கொள்ளும்.

கோழி திரிந்த மண்ணில் மட்டும் விடாதீர்கள். கோழியின் குடற்புழு முட்டைகளில் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும். கோழி அதைத் தாங்கும். மயிலுக்கு அது ஈரலைத் தின்னும் நோய். தரையிலிருந்து உயர்த்திய கம்பிவலைத் தளம் பாதுகாப்பானது. அதில் தாழ்வாக ஒரு குச்சியும் கட்டுங்கள். இறகு முளைத்த சிறகோடுதான் மயில்குஞ்சு பொரிக்கிறது. சில நாளிலேயே படபடத்து அதில் ஏறி உட்காரப் பார்க்கும்.