ஓடை நீரில் கிருமிக் கணக்கு: படுகையை விட்டால் எல்லாம் பிழை

மாதத்துக்கு ஒரு நாள், அதுவும் வெயில் நாளாகப் பார்த்து, ஓடைத் தண்ணீரைச் சோதித்து "ஈ.கோலி குறைவு" என்று எழுதிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஈ.கோலி என்பது குடலில் வாழும் பாக்டீரியா; தண்ணீரில் மலமோ சாணமோ கலந்ததற்கு அடையாளம். அந்த எண்களை மட்டும் நம்பி, ஓடையின் கிருமி அளவைக் கணிக்கும் ஒரு கணினி மாடலைக் கட்டினால், மழை பெய்யும் முதல் நாளே அது பொய்த்துவிடும். கிருமிகளில் பெரும்பகுதி தண்ணீரில் இல்லை, படுகை வண்டலில் கிடக்கிறது.

இதை நேரடியாகக் காட்டியவர்கள் நியூசிலாந்து ஆய்வாளர்கள். வைக்காட்டோ பகுதியில் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஓடும் டோப்பேஹேஹே ஓடையில், மழையில்லாத நாளில் நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட்டுச் செயற்கை வெள்ளம் உண்டாக்கினார்கள். நிலத்திலிருந்து எதுவும் வழிந்து வரவில்லை. ஆனாலும் 100 மில்லிக்கு 100 என்ற அளவில் இருந்த ஈ.கோலி 10,000 அளவுக்கு ஏறியது. கலங்கலும் கிருமியும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அடுத்தடுத்து மூன்று நாள் இப்படி வெள்ளம் விட்டபோது, அடித்து வந்த கிருமிகள் நாளுக்கு நாள் குறைந்தன. அதிலிருந்து படுகைச் சேமிப்பைக் கணித்தார்கள்: சதுர மீட்டருக்குச் சுமார் 10 கோடி.

இந்த எண்ணின் கனத்தை உணர ஒரு கணக்கு போதும். அதே சதுர மீட்டரின் மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 300 லிட்டர். 100 மில்லிக்கு 100 என்றால் மொத்தம் 3 லட்சம் ஈ.கோலிதான். அடியில் இருப்பது அதைப்போல் 300 மடங்குக்கும் மேல்.

இந்தச் சேமிப்பை நிரப்புவதில் மாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூசிலாந்தின் ஷெர்ரி ஆற்றை 246 கறவை மாடுகள் கடந்தபோது, கீழ்நீரில் ஈ.கோலி 100 மில்லிக்கு 50,000 வரை போனது. பாதையில் நடக்கும்போது போடுவதைவிட, தண்ணீரில் இறங்கியபோது மீட்டருக்குச் சுமார் 50 மடங்கு அதிகமாகச் சாணம் போட்டன. ஆகவே "வயலில் விழும் சாணம்", "ஓடையில் நேராக விழும் சாணம்" இரண்டையும் மாடலில் தனித்தனி உள்ளீடாக வையுங்கள். கிராமுக்கு 10 லட்சம் ஈ.கோலி என்று கொண்டால், தண்ணீரில் விழும் 10 கிலோ சாணம் 1,000 கோடி. வயலில் விழுந்ததோ மழை வந்து கரைத்து இழுத்தால்தான் ஓடையை எட்டும்.

அடுத்து, கிருமி சாகும் வேகம். நன்னீரில் 20 டிகிரிக்கு நாளொன்றுக்கு 0.8 (இயல் மடக்கைக் கணக்கில் வரும் வீதம், 80 சதவீதம் அல்ல) என்பது பழகிய தொடக்க மதிப்பு. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 1.07 ஆல் பெருக்க வேண்டும். 20 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கு சாக ஏறத்தாழ 3 நாள், 30 டிகிரியில் ஒன்றரை நாள். குளிர்நாட்டு ஆய்விலிருந்து மதிப்பை அப்படியே எடுத்து நம் ஊர் ஓடைக்குப் போடுவது இதனால்தான் தவறு. நேர் வெயில் பட்டால் இன்னும் வேகமாகச் சாகும். வண்டலுக்குள் வெயில் இல்லை, உணவு உண்டு, வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். தண்ணீருக்கும் வண்டலுக்கும் ஒரே மதிப்பைக் கொடுப்பதுதான் அடிக்கடி காணும் பிழை. நிலத்திலிருந்து ஓடைக்கு வரும் நீரையும் மாசையும் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் ஸ்வாட் (SWAT) மாடலின் தொடக்க வடிவங்களில் படுகையிலிருந்து கிருமி கிளம்பும் பகுதியே கிடையாது. ஆய்வாளர்கள் பின்னால் சேர்த்தார்கள். உங்கள் கையில் இருக்கும் பதிப்பு எது என்று முதலில் பாருங்கள்.

தண்ணீர் எடுப்பதிலும் கவனம் வேண்டும். கிருமிநீக்கிய புட்டியின் வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கட்டும். நீங்கள் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். காலால் கலக்கிய வண்டல் புட்டிக்குள் போனால் அந்த மாதிரி வீண். ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள், 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். மழை நாளில் வெள்ளம் ஏறத் தொடங்கியதுமே எடுக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை. பெரும்பாலும் கிருமியின் உச்சம் வெள்ள உச்சத்துக்கு முன்போ அதனோடோ வந்துவிடும். வெள்ளம் வடிந்தபின் போய் எடுத்தால் உச்சம் கைநழுவிப் போயிருக்கும். ஆள் போக முடியாத இரவுக்குக் கலங்கல் மானியைப் பொருத்துங்கள். ஆனால் கலங்கலுக்கும் ஈ.கோலிக்கும் உள்ள உறவு ஓடைக்கு ஓடை மாறும்; அந்தந்த ஓடையின் தரவிலிருந்தே கோடு போடுங்கள்.

கணித்ததையும் அளந்ததையும் மடக்கை (log) அளவில் ஒப்பிடுங்கள். நேரடி எண்ணில் ஒப்பிட்டால் ஒரே ஒரு வெள்ள நாள் மற்ற எல்லா நாளையும் விழுங்கிவிடும். கிருமிக் கணக்கில் பத்து மடங்குக்குள் வருவதே நல்ல கணிப்பு. இன்னொன்று: ஈ.கோலியை வைத்துக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கணிக்காதீர்கள். அது தண்ணீரில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், வழக்கமான அளவு குளோரினுக்கும் சாகாது.

மாடு இறங்காதபடி வேலி போட்டு, கரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்த ஊரில், அடுத்த மழைக்கே ஓடை நீரைச் சோதித்துவிட்டு "பயனில்லை" என்று வேலியைப் பிரித்துவிடக் கூடாது. அந்த மழையில் வருவதில் வேலிக்கு முந்தைய சாணத்தின் கிருமியும் இருக்கும். இரண்டு மூன்று வெள்ளம் போய்ப் படுகை அலசப்பட்ட பிறகு எடுக்கும் மாதிரியை ஒப்பிடுங்கள்.