பள்ளி பாயிண்ட் கார்டு கல்லூரிக்குத் தேறுவாரா: தேர்வாளர் பார்க்கும் பார்வை

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிக்காக ஆடும் பிள்ளையைக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர், பயிற்சியாளர்களுக்கு முதன்முதலில் அனுப்பிவைப்பது பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடத் தொகுப்புக் காணொளிதான். பின்னணியில் இசை ஒலிக்க, பிள்ளை எதிராளியைத் திணறடித்துக் கடந்து போவதும், தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுவதும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கல்லூரி அணி ஒன்றில் புதிய ஆட்டக்காரர்களை மதிப்பிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குத் தேவைப்படும் தகவல் அந்தக் காணொளியில் அநேகமாக இருப்பதில்லை. தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் இத்தகைய மின்னஞ்சல்கள் இப்போது வருகின்றன. படிப்பில் காட்டும் அதே அக்கறையோடு பிள்ளையின் ஆட்டத்துக்கும் செலவு செய்யும் பெற்றோர், பணமும் காலமும் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பந்தை எதிரணியின் பாதிக்குக் கொண்டு சென்று, எந்த ஆட்டமுறையை ஆடுவது என்று முடிவெடுத்து, மற்ற நால்வருக்கும் உரிய நேரத்தில் பந்தைச் சேர்ப்பவரே பாயிண்ட் கார்டு. அவரைப் பார்க்க வரும் தேர்வாளரின் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இன்று பள்ளி ஆடுகளத்தில் இவர் செய்வது, இதைவிட உயரமான, வேகமான, வலுவான எதிராளிகள் முன்னாலும் நடக்குமா? பள்ளியில் அவர் எடுக்கும் புள்ளிகள் இந்தக் கேள்விக்கு மிகக் குறைந்த அளவிலேயே விடை தருகின்றன. சிறிய ஊர் ஒன்றின் பள்ளியில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்கும் மாணவர், தன்னைவிட ஒரு சாண் குட்டையான எதிராளிகளைத் தோளால் தள்ளிக்கொண்டு வளையத்தை நெருங்குகிறார் என்றால், அந்த வழி கல்லூரியின் முதல் வாரப் பயிற்சியிலேயே அடைபட்டுவிடும்.

பள்ளி ஆட்டத்துக்கும் கல்லூரி ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளி விதிகளிலேயே இருக்கிறது. பள்ளியில் பெரும்பாலும் 32 நிமிடம், கல்லூரியில் 40 நிமிடம். மூன்று புள்ளிக் கோடு பள்ளியில் 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவான டிவிஷன் 1-இல் ஆண்களுக்கு 2019-20 பருவத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலம், பின்னர் பெண்களுக்கும் அதே தொலைவு. கல்லூரியில் 30 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். பள்ளிகளிலோ 2022-23 பருவத்திலிருந்துதான் மாநிலங்கள் விரும்பினால் 35 விநாடி ஷாட் கிளாக், அதாவது பந்தை எறிவதற்குள்ள நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம், வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளி விளையாட்டுகளுக்கான தேசியக் கூட்டமைப்பு அனுமதித்தது; வைத்துக்கொள்ளாத மாநிலங்கள் இன்னும் பல. ஷாட் கிளாக் இல்லாத ஆடுகளத்தில் வளர்ந்த பாயிண்ட் கார்டு, கடிகாரத்தில் ஏழு விநாடி மிச்சமிருக்கும்போது என்ன செய்வார் என்பதைப் பள்ளி ஆட்டத்தில் பார்க்கவே முடியாது. அதனால்தான் அவருடைய கோடைக்கால அணியின் ஆட்டங்களையும் தேடிப்போய்ப் பார்க்கிறோம்.

நான் மிகக் கூர்ந்து கவனிப்பது ஸ்கிரீன் ஆட்டத்தை. சக ஆட்டக்காரர் ஒருவர் வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது பாயிண்ட் கார்டைத் தடுக்கும் எதிராளியின் வழியில் அசையாமல் நிற்கிறார். பாயிண்ட் கார்டு அதை உரசிக்கொண்டு திரும்புகிறார். அந்த நொடியில் எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் வளையத்தை நோக்கிப் பின்வாங்கி நிற்கலாம், வெளியே எட்டி வந்து மறிக்கலாம், ஆளை மாற்றிக்கொள்ளலாம், அல்லது இருவருமாகச் சேர்ந்து மடக்கலாம். நான்குக்கும் நான்கு வேறு விடைகள் உண்டு. சாதாரண ஆட்டக்காரர் ஸ்கிரீனைக் கடந்த பிறகே எது நடந்தது என்று பார்க்கிறார். நல்லவர் ஸ்கிரீன் வந்து சேர்வதற்கு முன்பே அந்த உயரமானவரின் கால்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிடுகிறார். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. ஸ்கிரீன் வைத்தவர் வளையத்தை நோக்கி உருண்டு ஓடும்போது, அவரைத் தடுக்க மறுபக்க மூலையில் நிற்கும் எதிராளி ஓரடி உள்ளே வந்தாக வேண்டும். அந்த ஓரடிக்காகக் காத்திருந்து, கண்களால் உருளுபவரைப் பார்த்தபடியே பந்தை மூலையில் தனித்து நிற்பவருக்கு அனுப்பும் பதினாறு வயது மாணவரைக் கண்டால், அன்று அவர் எடுத்த புள்ளிகள் எத்தனை என்று நான் கேட்பதில்லை. இந்தப் பார்வை ஓரளவுக்குப் பயிற்சியால் வளரும் என்றாலும், பள்ளி முடியும் வரை அதன் சுவடே தென்படாத ஒருவரிடம் கல்லூரியில் புதிதாக உருவாக்குவது கடினம்.

அந்தப் பந்து போய்ச் சேரும் உயரத்தையும் பார்க்கிறேன். எறியத் தயாராக நிற்பவரின் நெஞ்சுக்கு நேராகச் சேர்ந்தால் அவர் பிடித்த வேகத்திலேயே எறியலாம். முழங்காலுக்குப் போனால் அவர் குனிந்து நிமிர்வதற்குள் எதிராளி திரும்ப வந்துவிடுவார். புள்ளிவிவரத் தாளில் இரண்டும் ஒன்றுதான். எறிதல் தவறினால் இரண்டுக்கும் அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க உதவிய பந்து) கிடையாது. வளையத்துக்குள் விழுந்தவற்றை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளியில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

எண்களை ஒதுக்கவும் கூடாது, அவற்றை மட்டுமே நம்பவும் கூடாது. அசிஸ்டுக்கும் டர்னோவருக்கும் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) உள்ள விகிதத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஒரு டர்னோவருக்கு இரண்டு அசிஸ்ட் என்றால் நன்று, மூன்று என்றால் மிக நன்று என்பது பொதுவான கணக்கு. ஆனால் பின்னாளில் தொழில்முறை நட்சத்திரமான ஜா மொரான்ட் 2018-19 பருவத்தில் மர்ரி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்துக்கு 24.5 புள்ளியும் 10 அசிஸ்டும் எடுத்தபோது, அவருடைய டர்னோவர் ஆட்டத்துக்கு ஐந்துக்கும் மேல். விகிதம் இரண்டைக்கூட எட்டவில்லை. அணியின் சுமை முழுவதையும் தாங்கி, யாரும் துணியாத பந்துகளை அனுப்பிய ஒருவரின் டர்னோவரும், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் பத்திரமாகத் தட்டிவிடுபவரின் டர்னோவரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. நான் டர்னோவர் ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்திப் பார்த்து, வழி சரியாக இருந்தும் கை பிசகியதா, அல்லது வழியே இல்லாத இடத்தில் பந்து போனதா என்று பிரித்துக் குறித்துக்கொள்கிறேன். முதல் வகை பயிற்சியில் குறையும்.

எறிதலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு பருவத்தில் அறுபது எழுபது முறை மட்டுமே எறிந்த மாணவரின் மூன்று புள்ளிச் சதவீதம் நான்கு நல்ல இரவுகளால் ஏறவும் நான்கு மோசமான இரவுகளால் இறங்கவும் கூடியது. மறிக்க யாருமின்றி, எப்போதும் ஒரே தொலைவிலிருந்து எறியும் ஃப்ரீ த்ரோவின் சதவீதம் கையின் தரத்தை அதைவிட நம்பகமாகக் காட்டுகிறது. ஃப்ரீ த்ரோவில் எண்பதுக்கு மேல் வைத்திருக்கும் மாணவரின் மூன்று புள்ளி இப்போது சுமாராக இருந்தாலும், கோடு இரண்டே கால் அடிக்கும் மேல் பின்னே போகும்போது அவர் சமாளிப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது.

உயரத்தைப் பற்றிப் பெற்றோர் மிகுந்த கவலையோடு கேட்பார்கள். அணிப் பட்டியலில் எழுதியிருக்கும் உயரத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. காலணி இல்லாத உயரத்தையே சொல்லுங்கள். நேரில் பார்க்கும்போது இரண்டு அங்குலம் குறைந்தால் மற்றவற்றின் மீதும் ஐயம் வரும். குட்டையாக இருப்பது தடைதான், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கால்களின் வேகம், கைகளின் நீளம், எதிராளியின் முன்னால் சலிக்காமல் நிற்கும் மனம் ஆகியவை அந்தத் தடையை ஓரளவு ஈடுசெய்யும். இந்திய வம்சாவளியினரான வருண் ராம் 5 அடி 9 அங்குல உயரமே கொண்டவர். மூன்றாம் பிரிவான டிவிஷன் 3-ஐச் சேர்ந்த டிரினிட்டி கல்லூரியிலிருந்து மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி, உதவித்தொகை இல்லாத வாக்-ஆன் ஆட்டக்காரராக அணியில் சேர்ந்தார். 2015 மார்ச்சில் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் வல்பரைசோ அணி மூன்று புள்ளி எறிந்து சமன் செய்யத் துடித்த கடைசி விநாடிகளில், பயிற்சியாளர் அவரைத்தான் தடுப்புக்காகக் களத்தில் இறக்கினார். எதிராளி எறிவதற்குள் அவர் பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் 65-62 என்று முடிந்தது. ஒருவருக்கு ஒரு வேலை உறுதியாகத் தெரிந்திருந்தால் அணியில் அதற்கு இடம் உண்டு என்பதைத் தடுப்பாட்டத்தை அலட்சியம் செய்யும் பிள்ளைகளுக்கு நான் இந்த ஆட்டத்தைக் காட்டியே விளக்குவேன்.

பந்து கையில் இல்லாத நேரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இன்று தொழில்முறை நட்சத்திரமாகப் பெயர்பெற்ற ஸ்டீஃபன் கரி பள்ளியில் படித்த காலத்தில் ஆறடி உயரமும் மெலிந்த உடலுமாக இருந்ததால் பெரிய கல்லூரிகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய பெற்றோர் படித்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம்கூட வாக்-ஆன் இடத்துக்கு மேல் தர முன்வரவில்லை. டேவிட்சன் கல்லூரியின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப், கோடைக்கால ஆட்டம் ஒன்றில் கரி எதைச் செய்தாலும் தவறாகிப்போன ஒரு நாளில் அவரைப் பார்த்தார். நடுவரையோ சக ஆட்டக்காரரையோ கரி குறைகூறாமல், ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் ஓடிப்போய்த் தடுப்பில் நின்றதும், பெஞ்சில் உட்கார்ந்தபோது அணியை உற்சாகப்படுத்தியதும்தான் பயிற்சியாளரின் மனத்தில் பதிந்தன. 2006-இல் கரி தம் முதல் கல்லூரி ஆட்டத்தில் 13 டர்னோவர் செய்தார். அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளி எடுத்தார். முதல் ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளர் அவரை உட்கார வைக்காததற்கு, முன்பு கண்ட அந்த மோசமான நாளும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். ஆகவே, பயிற்சியாளர் களத்திலிருந்து வெளியே எடுக்கும்போது உங்கள் பிள்ளை எப்படி நடந்து வருகிறார், டைம் அவுட்டில் யார் முகத்தைப் பார்க்கிறார் என்பவற்றை நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பார்வையாளர் வரிசையிலிருந்து தந்தை கத்தும் அறிவுரைக்காகப் பிள்ளை தலையைத் திருப்பினால் அதையும் எழுதிக்கொள்கிறோம்.

இனி, பெற்றோரை ஏமாற்றும் பகுதிக்கு வருகிறேன். பெரிய கல்லூரிகளின் கண்ணில் பிள்ளையைப் படவைப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் சேவைகள் பெருகிவிட்டன. நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதே அவற்றில் பலவும் செய்யும் வேலை. அத்தகைய மின்னஞ்சலை நாங்கள் எப்படிக் கையாள்கிறோம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மாணவரே தம் பெயரில் எழுதி, தேர்ந்தெடுத்த துண்டுகளுக்குப் பதில் வலுவான எதிரணியுடன் ஆடிய இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பையும், அவற்றில் ஒன்றாவது தோற்ற ஆட்டமாக இருக்கும்படியும் அனுப்பினால், கட்டணம் ஏதுமின்றி அது படிக்கப்படும். அழுத்தி மடக்கிய எதிரணியிடம் தோற்ற ஆட்டத்தில்தான் பாயிண்ட் கார்டின் தரம் தெரிகிறது. பெரிய முகாம்களில்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதும் இல்லை. மொரான்ட்டை மர்ரி ஸ்டேட்டின் உதவிப் பயிற்சியாளர் கண்டது, வேறொருவரைப் பார்க்கப் போன முகாமில், பக்கத்து அரங்கில் நடந்துகொண்டிருந்த மூவர்-மூவர் ஆட்டத்தில்தான்.

இடங்கள் குறைந்திருப்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். 2021 முதல் ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றானபின், 17 வயது மாணவரை வளர்த்தெடுப்பதைவிட கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலான டிரான்ஸ்பர் போர்ட்டலில் இருக்கும் 22 வயது அனுபவசாலியை எடுப்பதையே பல டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் விரும்புகிறார்கள். மற்ற எந்த இடத்தையும்விட பாயிண்ட் கார்டு இடத்துக்கு இது மிகுதியாகப் பொருந்தும், ஏனெனில் புதியவரிடம் அணியின் கடிவாளத்தைக் கொடுக்க அஞ்சுகிறார்கள். டிவிஷன் 2, டிவிஷன் 3, ஈராண்டுப் படிப்புக்கான ஜூனியர் கல்லூரி என்று தேடலை விரிப்பதில் இழிவு ஒன்றுமில்லை. டிவிஷன் 3 கல்லூரிகளும் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. ஆனால் குடும்பத்தின் தேவையையொட்டி அவை தரும் நிதியுதவி சில வேளைகளில் மிகப் பெரியது. டிவிஷன் 3-இல் பல கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கும் தருகின்றன.

அந்த மதிப்பெண் பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று நினைவுக்கு வரக் கூடாது. டிவிஷன் 1-இல் ஆட, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஏற்ற 16 அடிப்படைப் பாடங்கள் தேவை, அவற்றில் பத்தை இறுதியாண்டு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும், அவற்றின் சராசரி, 4 புள்ளி அளவுகோலில், 2.3-க்குக் குறையக் கூடாது. பள்ளி நடத்தும் எல்லாப் பாடங்களும் இந்தப் பட்டியலில் இருப்பதில்லை, ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஆண்கள் கூடைப்பந்தில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-ஆம் தேதியிலிருந்துதான் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் மாணவரைத் தாமாகத் தொடர்புகொள்ளலாம். அதற்கு முன் பதில் வரவில்லை என்பதை மறுப்பாகக் கொள்ள வேண்டாம்.

கல்லூரி ஒன்று அழைத்தால், அரங்கத்தையும் காலணிகளையும் காட்டும் நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. இப்போதுள்ள பாயிண்ட் கார்டுகள் எந்த ஆண்டில் படிக்கிறார்கள்? கடந்த மூன்று பருவங்களில் முதலாண்டு கார்டுகள் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஆடினார்கள்? இந்த வசந்தத்தில் போர்ட்டலிலிருந்து இன்னொரு கார்டை எடுக்கும் எண்ணம் இருக்கிறதா? பயிற்சியாளரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? முழங்கால் அடிபட்டு ஒரு பருவம் ஆட முடியாமல் போனால் உதவித்தொகை தொடருமா, அது எழுத்தில் இருக்கிறதா? கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.