கிளாமை வைத்த இடத்தில் இருக்க விடுங்கள்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க வாங்கிய கிளாம் (ராட்சதச் சிப்பி இனம்) இறந்துவிட்டது என்று அழைப்பவர்களிடம் நான் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பதில்லை. எத்தனை முறை இடம் மாற்றினீர்கள் என்றுதான் கேட்கிறேன். வீட்டுப் பவளத் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். நான் பார்த்தவரை, வெளிச்சம் போதாமல் வாடிய கிளாம்களைவிட, ஓயாமல் கைபட்டே போய்ச்சேர்ந்தவைதான் அதிகம்.

சிப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஓடுகள் கூடும் கீலுக்கு அருகே, அடிப்பக்கத்தில் ஒரு துவாரம் தெரியும். அதன் வழியே பாதத்தை நீட்டித் தரையைத் துழாவி, இடம் ஒத்துவந்தால் பிசஸ் எனப்படும் மெல்லிய நூல்களைச் சுரந்து கிளாம் ஒட்டிக்கொள்கிறது. நூல் அறுந்தால் கவலையில்லை, புதிதாகச் சுரக்கும். பிடித்து இழுத்ததில் அந்தச் சுரப்பியே பிய்ந்து வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் மெல்லிய பிளேடைப் பாறையை ஒட்டிச் செலுத்தி, நூலைப் பாறையோரமாக அறுத்து எடுங்கள். சிப்பியின் பக்கம் பிளேடு போகக் கூடாது.

இந்தத் தொல்லையே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. உள்ளங்கையளவு தட்டையான கல் ஒன்றை மணல்மேல் வைத்து, அதன்மேல் கிளாமை அமர்த்துங்கள். துவாரம் கல்லைப் பார்க்க, மேண்டில் எனும் வண்ணச் சதைமடல் விளக்கைப் பார்க்க இருக்கவேண்டும். ஓரிரு நாளில் கல்லைப் பற்றிக்கொள்ளும். பிறகு நகர்த்துவதெல்லாம் கல்லைத்தான். கிளாம் வகைகளில் மேக்சிமாவும் குரோசியாவும் பாறைவாசிகள். குரோசியா பாறையைக் குடைந்து உள்ளேயே அமர்ந்துவிடும். இரண்டுக்கும் வலுவான வெளிச்சம் தேவை என்பதால், கல்லோடு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏற்றலாம். டெராசாவும் ஸ்குவாமோசாவும் மணல்மட்டத்திலேயே இருந்துகொள்ளும். வந்த அன்றே விளக்கின் நேர்கீழே உச்சிப் பாறையில் வைப்பவர்கள், மடலுக்குள் வாழும் பாசிகளையும் சேர்த்து வாட்டுகிறார்கள். கிளாமுக்குப் பெருமளவு உணவு சமைப்பவை அந்தப் பாசிகள்தான்.

தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் நேர்வீச்சு மடலில் படக் கூடாது. ஓரம் மடங்கிப் படபடத்தால் இடம் சரியில்லை என்று பொருள். கொட்டும் பவளங்களும் அனிமோனும் எட்டாத தொலைவில் இருக்கட்டும். ஏஞ்சல் மீன், வண்ணத்துப்பூச்சி மீன் வகைகள் இருக்கும் தொட்டியில் கிளாம் வைக்க நான் சம்மதிப்பதில்லை. இதுவரை பவளத்தைச் சீண்டாத மீன்கூட மடலைக் கொத்திப் பார்க்கும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுத் தொட்டி வேண்டாம், ஓராண்டாவது ஓடியிருக்கட்டும். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 அருகிலும், வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள்ளும், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் வரையிலும் நிலையாக நின்றால் போதும். நைட்ரேட்டைப் பூஜ்ஜியத்துக்குத் துரத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை: கிளாம் அதையும் உணவாக எடுத்துக்கொள்கிறது. தாமிரம் கலந்த மீன் மருந்து மட்டும் இந்தத் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

வாங்கும்போது கையால் நிழல் காட்டிப் பாருங்கள். நலமான கிளாம் சட்டென்று மடலை உள்ளிழுக்கும். நீர் உறிஞ்சும் துளை ஆவென்று பிளந்து கிடந்தால் வாங்காதீர்கள். 5 சென்டிமீட்டருக்கும் குறைவான குஞ்சுகள் பழகியவர்களுக்கே சவால். இந்தச் சிப்பிகள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பவை. பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு, அதற்கான ஆவணத்தையும் பாருங்கள்.

அமர்ந்துவிட்டதா என்பதை ஓட்டின் விளிம்பு சொல்லும். வளரும் கிளாமில் அங்கே புது வெள்ளை வரி தெரியும். வரியும் காணோம், மடலும் நாளுக்குநாள் சுருங்குகிறது என்றால், விளக்கணைந்து சில மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஓட்டின் கீழ்விளிம்பைப் பாருங்கள். அரிசிமணிபோல் வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால், அவை கிளாமின் சாற்றை உறிஞ்சுபவை. கல்லோடு தூக்கி, தொட்டி நீர் நிரம்பிய வாளியில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் நத்தைகளையும் ஓட்டில் ஒட்டிய முட்டைப் பசையையும் தேய்த்தெடுங்கள். முட்டை தப்பியிருக்கும் என்பதால் சில நாள் இடைவெளியில் மறுபடியும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கல்லோடு எடுத்துக் கல்லோடே பழைய இடத்தில் வைத்துவிடலாம்.